நகத்தளவு படம், ஆளளவு சந்தேகம்

இருட்டறையில் பிரிண்ட் போட்டுப் பழகி, இப்போது கம்ப்யூட்டர் முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நெய்யூர் ஸ்டூடியோக்காரரிடம் வாசகர்கள் கேட்டவை. இந்த முறை, தொட்டால் பெரிதாகும் குட்டிப் படங்கள் பற்றி.

தம்ப்நெயிலுக்குத் தமிழில் என்ன?
— தமிழாசிரியை, இரணியல்

நேராகப் பெயர்த்தால் கட்டைவிரல் நகம். ‘கல்யாண ஆல்பம் ஒன்று, கட்டைவிரல் நகம் இருநூறு’ என்று பில் போட்டுக் கொடுத்தால் பெண்வீட்டார் போலீசுக்குப் போவார்கள். ‘சிறுபடம்’ போதும் டீச்சர். என் கடைக்கு வருகிறவர்கள் ‘குட்டிப் படம்’ என்கிறார்கள், அதிலும் குறையொன்றுமில்லை. ஆங்கிலக்காரன் கம்ப்யூட்டர் வருவதற்கு ரொம்ப முன்பே நகத்தளவு ஓவியம் என்று பேச ஆரம்பித்துவிட்டான். நமக்கும் நகத்துக்கும் வேறு மாதிரி உறவு. திங்கள்சந்தையில் சுரைக்காய் வாங்கும்போது நகத்தால் லேசாகக் கிள்ளிப் பார்க்கிறோமே, அந்தக் கீறல்தான் சிறுபடம். காய் பிஞ்சா முற்றலா என்று அது சொல்லிவிடும். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கறி வைப்பது பெரிய படம்.

தொட்டால்தான் பெரிதாக வேண்டுமா? நேரே பெரிய படத்தையே போட்டால் என்ன?
— பொறுமை இல்லாதவன், திங்கள்சந்தை

போடலாம். வந்து சேரும்வரை காத்திருப்பது யார்? பொறுமை இல்லாதவர் என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

இன்றைய செல்போனில் எடுத்த படம் ஒன்று 4 எம்.பி. வரும். உங்கள் அக்கா மகள் கல்யாணத்தில் 100 படம் எடுத்தால் 400 எம்.பி. அதே நூறையும் 10 கே.பி. சிறுபடங்களாக்கி வரிசையாக அடுக்கினால் மொத்தமே 1 எம்.பி.தான். நூறையும் ஒரு ஓட்டம் பார்த்துவிட்டு, நீங்கள் நிற்கிற நாலு படத்தை மட்டும் தொட்டுத் திறப்பீர்கள். மற்ற 96-ல்தான் நீங்கள் இல்லையே, அதை எதற்குத் திறக்கப்போகிறீர்கள்!

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15, வி.எஸ்.என்.எல். மூலமாக. சுதந்திர தினத்தில் வந்தாலும் வேகம் என்னவோ வெள்ளைக்காரன் காலத்து வேகம்தான். பின்னால் வந்த 56 கே மோடம் தன் முழுப் பலத்தோடு இழுத்தாலும் இன்றைய 4 எம்.பி. படம் ஒன்று வந்து சேர ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும். 2000 வாக்கில் நான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நடிகை படம் திறந்த கதையைச் சொல்கிறேன். முதலில் வானம் வந்தது. பிறகு ஒரு தென்னை மரத்தின் கொண்டை. அப்புறம் நெற்றி. மூக்கு வருகிற நேரத்தில் கடைக்காரர் முதுகில் தட்டி, ‘நேரமாச்சு அண்ணே’ என்றார். மீதி முகத்தை நான் இன்றுவரை பார்க்கவில்லை. அன்றைக்கு அந்தப் பக்கத்தில் சிறுபடம் வைத்திருந்தால் அது தேவையில்லாத படம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும். தேவையான படமாகவும் இருந்திருக்கலாம், அது வேறு.

படத்தைத் தொட்டால் திறக்கும் என்று முதலில் யோசித்த புண்ணியவான் யார்?
— கல்லூரி மாணவர், சுங்கான்கடை

ஒருவர் தலையில் கட்ட முடியாது. வலைப்பக்கத்தில் எழுத்துக்கு நடுவே படம் வைக்க ஒரு குறி வேண்டும் என்று 1993 பிப்ரவரியில் மார்க் ஆண்ட்ரீசன் முன்மொழிந்தார். அப்போது மொசைக் உலாவியை எழுதிக்கொண்டிருந்த இளைஞர் அவர். இணைப்புக்கான குறி அதற்கு முன்பே இருந்தது. படத்தை இணைப்புக்குள் பொதிந்தால் படமே கதவாகிவிடும், அவ்வளவுதான் வித்தை. அந்தக் காலத்து உலாவிகளில் தொடக்கூடிய படத்தைச் சுற்றி நீலக் கரை ஓடும், வேட்டிக் கரை மாதிரி. கரை இருந்தால் தொடு, இல்லையென்றால் சும்மா இரு. இப்போது கரையை எடுத்துவிட்டார்கள். எதைத் தொட்டாலும் எங்காவது கொண்டுபோய் விடுகிறது.

பாட்டாவின் பதினாறுக்கு வாட்ஸ்அப்பில் வந்த படத்தை 6 அடி பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தேன். முகம் சதுரம் சதுரமாக வந்திருக்கிறது. தப்பு கடைக்காரர் மேலா, படம் அனுப்பிய மாமா மேலா?
— பேரன், குருந்தன்கோடு

இரண்டு பேர் மேலும் இல்லை மக்கா. தப்பு உன் கட்டைவிரலில்.

இதே மாதிரி ஒரு பையன் போன வாரம் என் கடைக்கு வந்தான். போனை நீட்டினான். படம் மங்கலாக, நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் கீழ்நோக்கி ஒரு அம்பு. படம் இன்னும் இறங்கவில்லை, முன்னோட்டமாக ஒரு நிழல்தான் வந்திருக்கிறது என்று அர்த்தம். அம்பைத் தொட்டால் உண்மையான படம் இறங்கும். இவன் அம்பைத் தொடவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வெட்டி, ‘இதையே அடிச்சுத் தாங்க அண்ணே’ என்றான். பாட்டா நெற்றியில் திருநீறோடு அம்பின் நுனியும் இருந்தது.

நீயும் ஏறக்குறைய இதைத்தான் செய்திருக்கிறாய். கணக்கு பார். உன் கையில் இருந்தது 150-க்கு 200 புள்ளி கொண்ட சிறுபடம் என்று வை. 200 புள்ளியை 6 அடிக்கு நீட்டினால் ஒரு புள்ளி 9 மில்லிமீட்டர். கொண்டைக்கடலை அளவு. பாட்டாவின் கண் மூன்று கடலை, மீசை ஒரு கைப்பிடிக் கடலை. மாமா போனில் எடுத்த அசல் படம் 12 மெகாபிக்சல் என்றால் அதில் ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளி. சிறுபடத்தில் முப்பதாயிரம். நானூறு புள்ளிக்கு ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான், யார் இல்லை என்றார்கள்? அந்த ஒரு சோற்றை வைத்து ஊருக்கு அடியந்திரம் போட முடியாதே.

மாமாவுக்குப் போன் பண்ணி, அசல் படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல். பாட்டா மறுபடியும் பாட்டாவாக வருவார்.

அதுதான் ஏ.ஐ. வந்துவிட்டதே! சின்னப் படத்தைப் போட்டால் பளிச்சென்று பெரிதாக்கித் தருகிறதே?
— அதே பேரனின் தம்பி, குருந்தன்கோடு

தருகிறது. தொலைந்த புள்ளியை அது தேடிக் கண்டுபிடிப்பதில்லை, இப்படித்தான் இருந்திருக்கும் என்று தானாக வரைந்து நிரப்புகிறது. ஒரு வீட்டுப் பாட்டாவை அப்படிப் பெரிதாக்கிக் கொடுத்தேன். மூக்குக்கு இடப்பக்கம் இருந்த மருவை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டது. வெற்றிலைக் கறை போய், பல்வரிசை விளம்பரத்தில் வருகிற மாதிரி. பாட்டி படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ‘ஆளு நல்லாத்தான் இருக்காரு, ஆரு இவரு?’ என்று கேட்டார். காசை வாங்காமல் அனுப்பிவிட்டேன்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் ஏன் இளைத்துப்போகிறது?
— வளைகுடாவில் இருக்கும் மகனின் அம்மா, கருங்கல்

கடல் தாண்டிப் போகிறவர்கள் இளைப்பது நம் மாவட்டத்துக்குப் புதிதா அம்மா? சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 புள்ளிக்குச் சுருங்கும். 2023 ஆகஸ்டில் ‘எச்.டி.’ என்று ஒரு பொத்தான் வைத்தார்கள், அதைத் தொட்டு அனுப்பினால் கொஞ்சம் சதை பிடித்த மாதிரி போகும். துளியும் குறையாமல் போக வேண்டுமென்றால் டாக்குமென்ட் வழிதான். ஒன்று நினைவிருக்கட்டும். சாதாரண வழியில் போனால் படத்தோடு ஒட்டியிருக்கும் இடக்குறிப்பு கழன்றுவிடும். டாக்குமென்டாகப் போனால், எந்த வீட்டில், எத்தனை மணிக்கு எடுத்தது என்பதெல்லாம் கூடவே போகும். மகனுக்கு அனுப்பலாம். ஊருக்கு அனுப்பாதீர்கள்.

படத்தில் பக்கத்தில் நின்ற ஆளை வெட்டிவிட்டுத்தான் இணையத்தில் போட்டேன். வெட்டின ஆள் தெரிய வழி உண்டா?
— பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்

ஐயா, உங்கள் பதற்றம் இங்கே வரை தெரிகிறது.

உண்டு. கேமரா எடுக்கும் படத்துக்குள்ளேயே, வயிற்றுப் பிள்ளை மாதிரி, ஒரு சிறுபடம் மறைந்திருக்கும். கேமராவின் பின்பக்கத் திரையில் சட்டென்று காட்டுவதற்காக வைத்த ஏற்பாடு. பெரும்பாலும் 160-க்கு 120 புள்ளி. பழைய மென்பொருள்கள் பெரிய படத்தை வெட்டிவிட்டு இந்தக் குட்டியை வெட்ட மறந்துவிடும். வெளியே நீங்கள் தனியாக நிற்பீர்கள், உள்ளே இரண்டு பேராகவே இருப்பீர்கள். 2003-ல் அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சித் தொகுப்பாளருக்கு இப்படி நேர்ந்து, மறைக்க வெட்டியதெல்லாம் வெளியே வந்தது. இப்போதைய போன்கள் அநேகமாகக் குட்டியையும் சேர்த்தே மாற்றிவிடுகின்றன. ஆனாலும் வெட்டிய படத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் போடுங்கள். பாட்டாவின் பிளெக்ஸைக் கெடுத்த அதே ஸ்கிரீன்ஷாட் உங்கள் குடும்பத்தைக் காப்பாற்றும்.

குளச்சலில் இருந்து வாட்ஸ்அப்பில் மீன் படம் வந்தது. சிறுபடத்திலேயே நெய்மீன் பிரமாதமாக இருந்தது. ஆசையாக ஆர்டர் போட்டேன். வந்த மீன் உள்ளங்கை நீளம்.
— ஏமாந்த மாமி, வில்லுக்குறி

படத்தைத் தொட்டால் பெரிதாகும், மீனைத் தொட்டால் ஆகாது. அடுத்த முறை மீன் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அளவுக்கு ஒரு பொருள் பக்கத்தில் இல்லாத படத்தில் சாளையும் சுறாவும் ஒன்றுதான்.

சபை ஆண்டுவிழாப் படங்களை எங்கள் இணையப் பக்கத்தில் சிறுபடங்களாக அடுக்கியிருக்கிறேன். அளவு 150 என்று கொடுத்தும் பக்கம் திறக்க யுகமாகிறது. என்ன கோளாறு?
— வாலிபர் சங்கச் செயலாளர், ஆளூர்

பெரிய படத்தையே ஏற்றிவிட்டு, ‘150 அகலத்தில் காட்டு’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். யானைக்குச் சின்னச் சட்டை தைத்துப் போட்டிருக்கிறீர்கள். சட்டை சின்னது, எடை அதேதான். முழுப் படமும் இறங்கிய பிறகுதான் அது சுருங்கிக் காட்டும். சிறுபடத்தைத் தனிக் கோப்பாகவே செய்ய வேண்டும். 200 முதல் 300 புள்ளி அகலம், ஜேபெக் வடிவம், 10 அல்லது 15 கே.பி. அதைத் தொட்டால் பெரிய கோப்பு திறக்கிற மாதிரி இணைப்பு. வேலை முடிந்தது.

சுருக்குவதிலும் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. உங்கள் சபையார் 60 பேர், வரிசைக்கு 15 பேராக நிற்கும் குரூப் படத்தை 200 புள்ளிக்குச் சுருக்கினால் ஆளுக்கு 13 புள்ளி. முகத்துக்கு மிஞ்சிப்போனால் ஐந்து. ஐந்து புள்ளியில் யாரும் யாரையும் அடையாளம் காண முடியாது, கோயிற்பிள்ளையும் தலைமை விருந்தினரும் ஒன்றாகிவிடுவார்கள். அப்படிப்பட்ட படத்தை முழுதாகச் சுருக்காமல், நடுவில் இருக்கிற கேக்கை மட்டும் வெட்டிச் சிறுபடமாக வையுங்கள். எல்லாரும் தொடுவார்கள். சுருக்கிய பிறகு லேசாகக் கூர்மை ஏற்றுங்கள், இல்லையென்றால் எண்ணெய் தேய்த்த மாதிரி இருக்கும். நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியாக இழுக்கவே கூடாது. அப்படி இழுத்து ஒரு பெரியவரைத் தடியாக்கி நான் வாங்கிய வசவு இன்னும் காதில் இருக்கிறது. படத்துக்கு மாற்றாக ஒரு வரி எழுத்தும் கொடுங்கள். பார்வையில்லாதவர்களுக்குப் போன் அதைத்தான் வாசித்துக் காட்டும். ‘ஐ.எம்.ஜி. 4471’ என்று அது வாசித்தால் அவர்கள் என்ன புரிந்துகொள்வார்கள்?

கல்யாண வீடியோக்காரர் குட்டிக் குட்டிப் படங்களாக ஒரு இணைப்பு அனுப்பினார். தொட்டால் பெரிதாகவில்லை. பெரிய படம் வேண்டுமென்றால் தனிக் காசாம். நியாயமா?
— பெண்ணின் சித்தப்பா, மண்டைக்காடு

நான் அந்தத் தொழில்காரன். என்னிடமே கேட்கிறீர்கள். சரி, சட்டத்தைச் சொல்கிறேன். 1957-ம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 17-ம் பிரிவு. ஒருவர் கேட்டு, காசு கொடுத்து எடுக்கப்பட்ட படத்துக்கு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். அதாவது நீங்கள். ஆனால் ‘வேறுவிதமாக ஒப்பந்தம்’ என்பது நீங்கள் அட்வான்ஸ் கொடுத்தபோது வாசிக்காமல் கையெழுத்துப் போட்ட சீட்டின் பின்பக்கத்தில், சிறுபடத்தைவிடச் சிறிய எழுத்தில் இருக்கலாம். முதலில் அதைத் தேடி எடுத்து வாசியுங்கள்.

எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். பிலிம் காலத்தில் நெகட்டிவை பேப்பர் மேலேயே வைத்து, நெகட்டிவ் அளவுக்கே ஒரு காண்டாக்ட் பிரிண்ட் போட்டுக் காட்டுவோம். வீட்டார் லென்சை வைத்துப் பார்த்து, ‘இது, இது, இது’ என்று பென்சிலால் சுழிப்பார்கள். சுழித்ததை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்துக் காசு வாங்குவோம். தேர்வு செய்யச் சின்னது, வைத்துக்கொள்ளப் பெரியது. தொழிலே அதில்தான் ஓடியது. இப்போது சின்னதைக் கொடுத்தால் அதையே ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, ஆல்பத்தை ஆடி மாசம் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார்கள். எந்த வருஷத்து ஆடி என்று சொல்வதில்லை.

கூகுளில் தேடினால் அடுத்தவர் எடுத்த படமெல்லாம் குட்டியாக வருகிறதே, அது திருட்டு இல்லையா?
— ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா, பத்மநாபபுரம்

லெஸ்லி கெல்லி என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் இதையேதான் கேட்டார். தன் படங்களைச் சிறுபடங்களாக்கிக் காட்டிய ஒரு தேடுபொறி மீது வழக்குப் போட்டார். 2003-ல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், சிறுபடம் வழிகாட்டத்தான் பயன்படுகிறது, அசல் படத்தின் இடத்தை அது பிடிக்கவில்லை, ஆகவே குற்றமில்லை என்றது. 2007-ல் கூகுள் சம்பந்தப்பட்ட வழக்கிலும் காற்று அதே பக்கம்தான் வீசியது. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2010-ல் வேறு காரணம் சொல்லி அதே இடத்துக்கு வந்தது. படத்தைப் பூட்டு போடாமல் இணையத்தில் வைத்தால், தேடுபொறி எட்டிப் பார்க்கச் சம்மதித்த மாதிரிதான் என்றது.

அதற்காக, தேடலில் வந்த குட்டிப் படத்தை எடுத்து உங்கள் காலண்டரில் அச்சிட்டால் அது வழிகாட்டுவது ஆகாது. முதல் காரணம் சட்டம். இரண்டாவது காரணம் கொண்டைக்கடலை.

இணைப்போடு வந்த சிறுபடத்தில் பிள்ளையார், குத்துவிளக்கு, ‘திருமண அழைப்பிதழ்’ என்று அழகாக இருந்தது. தொட்டேன். ஏதோ இன்ஸ்டால் பண்ணச் சொன்னது. தொடரலாமா?
— அழைப்பை மறுக்கத் தெரியாதவர், தக்கலை

தொடரவே கூடாது! கல்யாணக் கார்டு படமாக வரும், இல்லையென்றால் பி.டி.எஃப். ஆக வரும். பெயரின் கடைசியில் ‘.ஏ.பி.கே.’ என்று இருந்தால் அது மாப்பிள்ளை அழைப்பு இல்லை, உங்கள் வங்கிக் கணக்குக்குத் திருடன் அழைப்பு. 2024 கடைசியில் இமாசலப் பிரதேச போலீசார் இதே கல்யாணக் கார்டு மோசடியைப் பற்றி எச்சரித்தார்கள். வண்டி அபராத ரசீது என்ற வேடத்திலும் வருகிறது.

சிறுபடம் ஒரு கதவு என்று மேலே எழுதினேன். கதவில் யார் வேண்டுமானாலும் எந்தப் படத்தையும் ஒட்டலாம். ‘வல்லிய வீட்டுக் கல்யாணம்போல’ என்று நினைத்துத் திறந்தால் உள்ளே வேறு ஆள் இருப்பான். ஏற்கெனவே இன்ஸ்டால் பண்ணிவிட்டால், முதலில் போனின் டேட்டாவை அணையுங்கள். பணம் போயிருந்தால் வேறு போனில் இருந்து 1930-க்கு உடனே கூப்பிடுங்கள். வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளிப்போடுகிறவர்களுக்குத்தான் பணம் திரும்புவதில்லை. கல்யாணம் உண்மையாக இருந்தால் வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கோடு சொல்லட்டும்.

யூடியூபில் சிறுபடத்தில் காட்டுவது ஒன்று, உள்ளே இருப்பது வேறு. இதைக் கேட்பார் இல்லையா?
— நேரத்தை இழந்தவர், முட்டம்

கேட்கிறோம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். 2024 டிசம்பரில் யூடியூப் நிறுவனம், வீடியோவில் இல்லாததைத் தலைப்பிலும் சிறுபடத்திலும் காட்டி ஏமாற்றுவதை இந்தியாவில் கடுமையாகப் பார்க்கப்போவதாக அறிவித்தது. முக்கியமாக, அன்றாடச் செய்திகளில். நம் ஊர்ச் சேனல்கள் இன்னும் அந்த அறிவிப்பைத் தொட்டுத் திறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

1280-க்கு 720 புள்ளிதான் அவர்கள் வெகுகாலம் சொல்லிவந்த அளவு. அந்த இடத்துக்குள் வாயைப் பிளந்த ஒரு முகம், சிவப்பு அம்பு, மஞ்சள் எழுத்தில் ‘கடைசியில் நடந்தது என்ன?’ மூன்றும் இருந்தால் கடைசியில் நடந்தது ஒன்றுமில்லை. பன்னிரண்டு நிமிடம் பார்த்துவிட்டு நான் சொல்கிறேன்.

ஊர்ப் படங்களையெல்லாம் ஒரு இலவச இணையதளத்தில் ஏற்றி, அங்கிருந்து சிறுபடமாக நம் பக்கத்தில் காட்டலாமா? காசு மிச்சம்.
— சிக்கனக்காரர், திங்கள்நகர்

அடுத்த வீட்டுச் சுவரில் ஆணி அடித்து உங்கள் சட்டையை மாட்டுகிறீர்கள். அவர் சுவரை இடித்தால்?

போட்டோபக்கெட் என்று ஒரு நிறுவனம் வருஷக்கணக்காக இலவசமாகப் படம் வைக்க இடம் கொடுத்தது. உலகம் முழுக்கப் பலர் அங்கே படத்தை வைத்து, தங்கள் பக்கங்களில் காட்டிக்கொண்டிருந்தார்கள். 2017 கோடையில் ஒரு நாள், வெளியே காட்ட வேண்டுமென்றால் ஆண்டுக்கு 399.99 டாலர் என்று விதி மாற்றியது. பக்கம் பக்கமாகப் படங்கள் மறைந்து, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அறிவிப்புப் படம் வந்து உட்கார்ந்தது. மோட்டார் பைக்கைக் கழற்றி மாட்டுவதைப் படிப்படியாக விளக்கியவர்கள்தான் ரொம்பப் பாவம். ‘இந்தப் படத்தில் இருப்பதுபோல் திருகவும்’ என்ற வரி இருக்கிறது, படம் இல்லை. அடுத்த ஆண்டு நிறுவனம் விலையைக் குறைத்து இறங்கி வந்தது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள்.

எங்கள் குடும்ப ஸ்டூடியோப் படங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. ஸ்கேன் செய்தால் எந்த அளவில் செய்யலாம்?
— மூத்த மருமகள், மார்த்தாண்டம்

பெரிதாகச் செய்யுங்கள், முடிந்த மட்டும் பெரிதாக. பெரியதில் இருந்து சின்னது எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். சின்னதில் இருந்து பெரியது வராது, குருந்தன்கோட்டுப் பேரனைக் கேளுங்கள். அட்டையின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, ‘சின்னவனுக்கு மொட்டை போட்டபோது’ என்று பென்சிலில் எழுதியது எல்லாம் அங்கேதான் இருக்கும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்து ஒரு குழு, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்படிகளாக்கியது. ஒவ்வொன்றும் யார் வீட்டுச் சுவரிலோ தொங்கி, ஊதுபத்திப் புகை பிடித்த படம். நாம் குப்பை என்று கட்டிவைத்தது ஆவணம் ஆகியிருக்கிறது. பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடுங்கள். டீ மட்டும் போதும்.

சின்னதாகப் பார்த்தபோது ஒன்றும் தெரியாமல், பெரிதாக்கியதும் உங்களைத் தூக்கிவாரிப்போட்ட படம் ஏதாவது உண்டா?
— செவிலியர், நெய்யூர்

உண்டு. எடுத்தவர் நீங்கள் வேலை பார்க்கிற ஊர்க்காரர்தான் சிஸ்டர்.

நம் ஊர் மிஷன் ஆஸ்பத்திரி 1838-ல் தொடங்கியது. அங்கே இருபதாண்டுக்கு மேல் கத்தி பிடித்தவர் டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல். காரக்கோணத்தில் மருத்துவக் கல்லூரி அவர் பெயரில் இருக்கிறது. 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போனார், முடியவில்லை. திரும்பும் வழியில் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் நோயாளிகள் கூட்டத்தையும் திணறிக்கொண்டிருந்த டாக்டரையும் பார்த்து, லண்டனில் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். 1924-ல் மறுபடியும் எவரெஸ்ட். ஜூன் 4 அன்று, ஆக்சிஜன் உருளை இல்லாமல், அவரும் நார்ட்டன் என்பவரும் ஏறினார்கள். தொண்டை அடைத்துச் சோமர்வெல் உட்கார்ந்துவிட்டார். நார்ட்டன் தனியாக 28,126 அடி வரை போனார். அந்த ஏற்றத்தின்போது சோமர்வெல் அவரை ஒரு படம் எடுத்தார்.

அந்தப் படம் எனக்கு முதலில் கிடைத்தது நகத்தளவில்தான். பாறைச் சரிவு, பனித் திட்டு, ஒரு மூலையில் வானம். ‘மலைதானே’ என்று தள்ளிவிடப் போனவன், சும்மா தொட்டேன். பெரிதானது. சரிவில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. இன்னும் பெரிதாக்கினேன். புள்ளிக்குக் கால் முளைத்தது. ஒரு மனிதன், சாய்ந்து, கம்பை ஊன்றிக்கொண்டு நிற்கிறான். சுருக்கினால் ஆள் காணாமல் போய்விடுகிறார். பெரிதாக்கினால் திரும்பவும் நிற்கிறார். அன்றைக்குக் கடையில் வேலை ஓடவில்லை.

இறங்கும் வழியில் சோமர்வெல்லுக்குத் தொண்டையின் உள்தோல் உரிந்து மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டது. செத்தேன் என்று உட்கார்ந்தவர், கடைசியாக நெஞ்சைக் கையால் அழுத்தி இருமி, அதை வெளியே துப்பிவிட்டுப் பிழைத்து வந்தார். முகாமில் அதே குழுவைச் சேர்ந்த மலோரி மேலே போகத் தயாராக இருந்தார். தன் கேமராவை எடுத்துவர மறந்திருந்தார். சோமர்வெல் தன்னுடையதைக் கொடுத்தார். வெஸ்ட் பாக்கெட் கோடக், சட்டைப் பையில் போடுகிற கேமரா. அதன் நெகட்டிவே 4-க்கு 6.5 சென்டிமீட்டர்தான், பெரிய சிறுபடம் என்று வையுங்கள். ஜூன் 8-ல் மலோரியும் கூடப் போன இர்வினும் மேகத்துக்குள் மறைந்தார்கள். மலோரியின் உடல் 1999 மே 1-ல் கிடைத்தது, கேமரா இல்லை. இர்வினின் பாதம், பெயர் தைத்த காலுறையோடு, 2024 செப்டம்பரில் கிடைத்தது. கேமரா அப்போதும் இல்லை. அவர்கள் உச்சியைத் தொட்டார்களா என்பதற்கான சாட்சி அந்த பிலிமுக்குள் இருக்கலாம் என்று உலகமே தேடுகிறது. அந்தக் குளிரில் பிலிம் கெடாமல் இருந்தால் அதைக் கழுவிப் படத்தை எடுக்க வாய்ப்பு உண்டு என்று கோடக் நிபுணர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

நெய்யூர் டாக்டரிடம் இரவல் வாங்கிய கேமரா, நூறு வருஷமாகத் திரும்பி வரவில்லை. நம் ஊரில் குடை இரவல் கொடுத்தவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

ஒருவேளை அந்தக் கேமரா கிடைத்தால், டாக்டர் ஊர் என்ற முறையில் பிலிமைக் கழுவ உங்கள் கடைக்குக் கொண்டு வருவார்களா?
— அதே செவிலியர்

இருட்டறையில் இப்போது மரச்சீனிக்கிழங்கும் இரண்டு மட்டிக்குலையும் கிடக்கின்றன. இரண்டு நாள் முன்கூட்டிச் சொன்னால் ஒதுக்கி வைக்கிறேன்.